கட்டப்படாத கட்டடத்தை வைத்து எரிசக்தி விதி எழுதலாமா?

கிழக்குச்சன்னல் (சென்னை)

வணக்கம். நான் கட்டடக் கலைஞர். சின்ன அலுவலகங்களிலிருந்து நாலைந்து மாடிக் கட்டடங்கள் வரை வரைகிறேன். கொஞ்ச நாளாக நெருடிக்கொண்டிருக்கும் ஒன்றை இங்கே கேட்டுவிடுகிறேன்.

இப்போது கையில் இருக்கும் அலுவலகக் கட்டடத்தின் இணைப்புச் சுமை 100 கிலோவாட்டைத் தாண்டுகிறது. அதனால் 2017-ஆம் ஆண்டு ஈசிபிசி (மத்திய அரசின் எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதி) படி சரிபார்த்துவிடலாம் என்று ஓர் எரிசக்தி ஆலோசகரிடம் போனோம். அவர் எங்கள் வரைபடத்தைக் கணினியில் ஏற்றி ஒரு மாடல் செய்தார். அதே வடிவத்தில் இன்னொன்றும் செய்தார். அதன் சுவர், கூரை, கண்ணாடி, விளக்கு, ஏசி எல்லாம் விதிப்புத்தகத்தில் உள்ள அளவுகளின்படி. இரண்டுக்கும் வருடத்தில் சதுர மீட்டருக்கு எத்தனை யூனிட் ஆகும் என்று பார்த்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்தார். 1 அல்லது அதற்குக் கீழே வந்தால் தேர்ச்சி.

இதுவரை புரிந்தது. அப்புறம், விதிப்புத்தகத்தில் இருக்கும் அந்த அளவுகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டேன். "அதுவும் சிமுலேஷன்தான்" என்றார், அதாவது கணினியில் மாடலை ஓட்டிப் பார்த்து எடுத்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. யாரும் கட்டாத, யாரும் உட்கார்ந்து வேலை பார்க்காத ஒரு கட்டடத்தை வைத்து, நான் நிஜமாகக் கட்டப்போகும் கட்டடத்தின் கண்ணாடியையும் கூரையையும் முடிவு செய்கிறார்களா? இது சரியான வழிதானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மணி8760 (பெங்களூரு)

பதினோரு வருடமாக எனக்கு இதே வேலை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கட்டடம் விதிக்குள் வருகிறதா என்று பார்க்க மாடல் போடுவது ஒரு வேலை. விதியையே எழுத மாடல் போடுவது இன்னொரு வேலை. உங்கள் நெருடல் இரண்டாவதைப் பற்றியது. அதற்கு அமெரிக்காவைத்தான் பார்க்க வேண்டும். அங்கே இது பல வருடங்களாக, கணக்கை எல்லாரும் பார்க்கும்படி வெளியே வைத்து நடக்கிறது.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1975-இல் ஆஷ்ரே (அங்குள்ள ஏசி, வெப்பமூட்டல் பொறியாளர்களின் சங்கம்) கட்டட எரிசக்திக்கான முதல் தரநிலையை வெளியிட்டது. இன்று 90.1 என்று நாம் சொல்வது அதன் வழி வந்ததுதான். 1992-இல் வந்த எரிசக்திக் கொள்கைச் சட்டம் அந்நாட்டு எரிசக்தித் துறைக்கு ஒரு கடமையை வைத்தது. 90.1-இன் புதிய பதிப்பு வரும்போதெல்லாம், அது முந்தையதைவிட எரிசக்தியை மிச்சப்படுத்துமா என்று துறை தீர்ப்புச் சொல்ல வேண்டும். "ஆம்" என்று சொல்லிவிட்டால் மாநிலங்கள் இரண்டு வருடத்துக்குள் தங்கள் வணிகக் கட்டட விதிகளை எடுத்துப் பார்த்து அதற்கு ஈடாக்க வேண்டும்.

இதை எதை வைத்துச் சொல்வது? பழைய விதிப்படி ஓர் ஊர், புதிய விதிப்படி அதே ஊர் என்று இரண்டு முறை கட்டிப் பார்க்க முடியாதே. அங்கேதான் முன்மாதிரிக் கட்டடங்கள் வருகின்றன. பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகம் 16 மாடல்களை வைத்திருக்கிறது: சிறிய, நடுத்தர, பெரிய அலுவலகங்கள், தனிக்கடை, கடை வரிசை, தொடக்கப்பள்ளி, மேல்நிலைப்பள்ளி, மருத்துவமனை, புறநோயாளி மையம், இரண்டு வகை ஓட்டல், இரண்டு வகை உணவகம், கிடங்கு, இரண்டு வகை அடுக்குமாடிக் குடியிருப்பு. நடுத்தர அலுவலகம் என்றால் மூன்று தளம், 53,600 சதுர அடி, வெளிச்சுவரில் 33 சதவீதம் சன்னல். ஒவ்வொரு தளமும் நான்கு பக்க ஓரப் பகுதிகள், நடுவில் ஒன்று என்று வெப்பத்தைத் தனித்தனியாகக் கணக்கிடும் ஐந்து பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்.

இந்த விவரங்களை யாரோ உட்கார்ந்த இடத்தில் கற்பனை செய்து எழுதிவிடவில்லை. அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் 1979-இலிருந்து வணிகக் கட்டடங்களின் எரிசக்திப் பயன்பாட்டைக் கணக்கெடுத்து வருகிறது. எத்தனை தளம், எந்த வகை ஏசி, வாரத்தில் எத்தனை மணி நேரம் திறந்திருக்கும், எவ்வளவு மின்சாரம், எவ்வளவு எரிவாயு என்று எல்லாம் அதில் இருக்கிறது. 2003-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள். முன்மாதிரிகளின் அடித்தளம் அதுதான். நீங்கள் கற்பனை என்று சொல்லும் கட்டடம் உண்மையில் பல நிஜக் கட்டடங்களைப் பிழிந்து எடுத்த சாறு.

ஒவ்வொரு மாடலையும் எனர்ஜிபிளஸ் மென்பொருளில் வருடத்தின் 8,760 மணி நேரமும் ஓட்டுகிறார்கள் (என் பெயருக்குக் காரணம் புரிந்திருக்கும்). 16 கட்டடங்கள், 17 தட்பவெப்ப ஊர்கள் என்றால் ஒரு பதிப்புக்கு 272 ஓட்டம். முடிவுகளை அப்படியே சராசரி எடுப்பதில்லை. எந்த வகைக் கட்டடம் எந்தத் தட்பவெப்பத்தில் எவ்வளவு பரப்பு கட்டப்படுகிறது என்று பார்த்து எடை போடுகிறார்கள். அதற்கு 2003 முதல் 2007 வரை நடந்த கட்டுமானங்களின் தரவை எடுத்துக்கொண்டார்கள். அதனால் கடும்குளிர் அலாஸ்காவில் இருக்கும் ஒரு பெரிய ஓட்டலுக்கும் டெக்சாஸில் வரிசையாக எழும்பும் கிடங்குகளுக்கும் ஒரே குரல் இல்லை.

அப்படிக் கணக்கிட்டுத்தான் 2007 பதிப்பிலிருந்து 2010 பதிப்புக்குக் கட்டடத்தில் செலவாகும் எரிசக்தி 18.5 சதவீதம் குறையும் என்றார்கள். அங்கிருந்து 2013-க்கு 7.6 சதவீதம்.

மின்கணக்கர் (மதுரை)

தம்பி, நன்றாக விளக்கினீர்கள். ஆனால் என் பக்கத்தையும் கேளுங்கள். நான் எரிசக்தித் தணிக்கையாளன். இருபத்தைந்து வருடமாக மின்கட்டண ரசீதுகளோடும் கிளாம்ப் மீட்டரோடும் திரிகிறவன்.

மாடலில் அலுவலகம் ஆறு மணிக்கு அடங்கிவிடும். நான் போன ஒரு மென்பொருள் அலுவலகத்தில் இரவு பதினொன்றுக்கும் இரண்டு தளங்களில் ஏசி முழு வேகத்தில் ஓடியது. ஏ.எச்.யு.வின் (குளிர்காற்றைத் தளத்துக்குத் தள்ளும் இயந்திரம்) நேரக்கடிகாரத்தை யாரோ எப்போதோ கழற்றி நேரடியாக இணைத்துவிட்டார்கள். இரண்டாம் ஷிப்டுக்கு முப்பது பேர்தான், குளிர்வது ஒரு தளம் முழுவதும். அந்தக் கட்டடத்துக்குச் செய்த சிமுலேஷன் அறிக்கையை எடுத்து வந்து காட்டினார்கள். அதில் சொன்னதற்கும் ரசீதுக்கும் சம்பந்தமே இல்லை. ஆலோசகரைக் குறை சொல்லமாட்டேன். அவரிடம் கொடுத்த நேர அட்டவணை அது.

இன்னொன்று. நம் நாட்டிலேயே ரசீதை வைத்து மதிப்பிடும் முறை இருக்கிறதே. அலுவலகக் கட்டடங்களுக்கு எரிசக்தித் திறன் பணியகம் 2009-இல் கொண்டுவந்த நட்சத்திரத் தரவரிசையைச் சொல்கிறேன். வெப்பமும் ஈரப்பதமும் உள்ள மண்டலத்தில், பாதிக்கு மேல் ஏசி உள்ள அலுவலகம் வருடத்துக்குச் சதுர மீட்டருக்கு 200 முதல் 175 யூனிட் வரை என்றால் அப்போது வைத்த அளவுப்படி ஒரு நட்சத்திரம். 100-க்குக் கீழே என்றால் ஐந்து. நிஜமாக எரித்த மின்சாரம் அது. விதியையும் அப்படியே எழுதிவிட்டால் என்ன?

கிழக்குச்சன்னல்

ஐயா, நான் கேட்க நினைத்ததை அப்படியே கேட்டுவிட்டீர்கள்.

மணி8760

ஐயா சொல்வதில் பாதியை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். மாடலில் நேர அட்டவணைதான் உயிர். அது பொய்யானால் மற்றதெல்லாம் வீண்.

ஆனால் ரசீது மொத்தத்தைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. ஒரு கட்டடம் 180 யூனிட், பக்கத்துக் கட்டடம் 130 யூனிட். கண்ணாடியாலா, சில்லராலா (ஏசிக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்), அந்த இரண்டாம் ஷிப்டாலா? ரசீதைப் பார்த்து இதைப் பிரிக்க முடியாது. விதி எழுதுகிறவருக்கு வேண்டியதோ அந்தப் பிரிவுதான். கூரைக்கு இன்னும் இரண்டு அங்குலம் வெப்பத்தடுப்புப் போட்டால் என்ன கிடைக்கும், அந்தச் செலவு எத்தனை வருடத்தில் திரும்பும்? மற்ற எல்லாவற்றையும் அசையாமல் வைத்து ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க மாடலில் மட்டும்தான் முடியும்.

இதில் ஒரு கட்டடத்தின் சுமைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதும் தெரியும். விளக்கின் வாட்டைக் குறைத்தால் விளக்குச் செலவோடு நிற்பதில்லை. அந்த விளக்கு விட்ட சூடும் குறைகிறது, அதனால் ஏசியின் வேலையும் குறைகிறது. மின்னசோட்டா மாதிரிக் குளிர்ப் பகுதியில் அதே மாற்றம் குளிர்காலத்தில் ஹீட்டரின் வேலையைக் கொஞ்சம் கூட்டிவிடும். இதைக் கைக்கணக்கில் போட்டால் தலை சுற்றிவிடும்.

2008-இல் நியூ பில்டிங்ஸ் இன்ஸ்டிடியூட் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு, லீட் என்ற பசுமைக் கட்டடச் சான்று பெற்ற 121 கட்டடங்களின் நிஜப் பயன்பாட்டைத் திரட்டி, கட்டுமுன் மாடல் சொன்னதோடு ஒப்பிட்டது. மொத்தமாகச் சராசரி எடுத்தால் இரண்டும் ஓரளவு பக்கத்தில் வந்தன. தனித்தனியாகப் பார்த்தால் சிதறிக் கிடந்தன. சில கட்டடங்கள் சொன்னதைவிடப் பல மடங்கு, சில பாதி. எனக்கு இந்தத் துறையில் மிக முக்கியமான பாடம் அதுதான். உங்கள் அலுவலகத்தின் ரசீதை மாடல் சொல்லிவிடும் என்று நம்பாதீர்கள். ஆயிரம் அலுவலகங்களுக்கு ஒரே விதி எது நல்லது என்று கேட்டால் அது சொல்வதைக் கேட்கலாம்.

முதலாண்டு_எம்டெக் (திருச்சி)

அண்ணா, ஒரு சின்னக் கேள்வி. மென்பொருளே தப்பாகக் கணக்குப் போட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கள் லேபில் ஒரே கட்டடத்தை இரண்டு மென்பொருளில் போட்டோம், விடை இரண்டு விதமாக வந்தது.

மணி8760

தங்கச்சி, அதற்கென்றே ஒரு பெட்டி இருக்கிறது. 8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம், தெற்கே 12 சதுர மீட்டர் சன்னல். பெஸ்டெஸ்ட் என்று பெயர், 1995-இல் வந்தது. அதிலிருந்து ஆஷ்ரே 140 தரநிலை பிறந்தது. அந்தப் பெட்டியில் சுவரைக் கனமாக்குவது, சன்னலைக் கிழக்கு மேற்குக்கு மாற்றுவது, நிழல் கொடுப்பது என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பல மென்பொருள்களின் விடைகளை வரிசையாக வைப்பார்கள். ஒன்று மட்டும் கூட்டத்தை விட்டு விலகி நின்றால் அங்கே தேட வேண்டும். உங்கள் லேபிலும் முதலில் அந்தப் பெட்டியைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தப்பு மென்பொருளில் இருக்காது, இரண்டிலும் நாம் தொடாமல் விட்ட இயல்பு அளவுகளில் இருக்கும். காற்றுக் கசிவை முதலில் பாருங்கள்.

சிராங்கூன் (சிங்கப்பூர்)

வெயிலும் புழுக்கமும் உள்ள ஊர் என்பதால் எங்கள் கதையையும் சொல்கிறேன். மாடல் இல்லாமல் விதி எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம்.

இங்கே 1979-லேயே ஏசி உள்ள கட்டடங்களின் வெளிச்சுவர் வழியே வரும் வெப்பத்துக்கு உச்சவரம்பு வைத்தார்கள். ஓடிடிவி என்று பெயர், சதுர மீட்டருக்கு 45 வாட். சுவர், கண்ணாடி, கண்ணாடி வழியே வரும் வெயில் மூன்றையும் ஒரு சூத்திரத்தில் கூட்டுவது. 2000-க்குப் பிறகு அதை மறுபடி ஆராய்ந்தபோது, கண்ணாடி வழியே நுழையும் வெயிலின் பங்கைப் பழைய சூத்திரம் குறைத்துக் காட்டியது தெரிந்தது. இருபது வருடத்துக்கும் மேலாக அந்தச் சூத்திரத்தை நம்பித்தான் கட்டடங்கள் எழும்பியிருந்தன. சிமுலேஷன் ஆய்வை வைத்துச் சூத்திரத்தைத் திருத்தி, 2004-இல் ஈடிடிவி என்று புதிதாகக் கொண்டுவந்தார்கள். வரம்பு 50 வாட்.

புதிய சூத்திரத்தில் சுவரின் கடத்தலுக்கு 12, கண்ணாடியின் கடத்தலுக்கு 3.4, வெயிலுக்கு 211 என்று மூன்று எண்கள். அந்த 211-ஐப் பாருங்கள். எங்கள் ஊரில் வெளிக்காற்றுக்கும் உள்ளறைக்கும் வெப்ப வித்தியாசம் அதிகம் இல்லை. அதனால் இரட்டைக் கண்ணாடி போட்டுக் கடத்தலைக் குறைப்பதைவிட, வெயில் கண்ணாடியில் விழாமல் தடுப்பதுதான் பெரிய காரியம். இதைக் கட்டடக் கலைஞர் ஒருவர் ஒரு தாளில், ஐந்து நிமிடத்தில், எந்த மென்பொருளும் இல்லாமல் போட்டுப் பார்த்துவிடலாம். சிமுலேஷன் பின்னால் நின்று உழைத்திருக்கிறது, முன்னால் வந்து யாரையும் மிரட்டவில்லை. விதி எழுத மாடலைப் பயன்படுத்துவதில் எனக்கு மிகவும் பிடித்த வகை இது.

உங்கள் நாட்டில் 2018-இல் வீடுகளுக்கு வந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதியிலும் ஆர்இடிவி என்று இதே பாணியில் ஒரு சூத்திரம் இருக்கிறது. வரம்பு சதுர மீட்டருக்கு 15 வாட்.

கிழக்குச்சன்னல்

இது எனக்கு நன்றாகப் புரிகிறது! நம் ஊரிலும் சன்னலுக்கு மேல் சஜ்ஜா வைக்காமல் கட்டமாட்டார்கள் அந்தக் காலத்து மேஸ்திரிகள். இப்போது அதைத்தான் வாடிக்கையாளர்கள் முதலில் எடுக்கச் சொல்கிறார்கள்.

மிச்சிகன்காற்று (டெட்ராய்ட்)

நான் இங்கே ஏசி வடிவமைப்பில் இருக்கிறேன். 90.1-ஐத் தினமும் புரட்டுகிறவன் என்ற முறையில் இரண்டு விஷயம்.

மாடல் சொன்னதெல்லாம் விதியாகிவிடுவதில்லை. 2010 பதிப்பைத் தயாரித்தபோது 2004-ஐவிட 30 சதவீதம் மிச்சம் என்று இலக்கு வைத்தார்கள். சுவரில் சன்னலுக்கான உச்ச அளவை 40 சதவீதத்திலிருந்து 30-ஆகக் குறைக்க ஒரு முன்மொழிவும் வந்தது. கண்ணாடித் தொழில் தரப்பு கடுமையாக எதிர்த்தது. கடைசியில் 40 அப்படியே நின்றது. 90.1 என்பது பல தரப்பும் உட்கார்ந்து ஒத்துப்போக வேண்டிய குழுவின் வேலை. மாடல் அந்த மேசையில் ஒரு சாட்சி, நீதிபதி அல்ல. அது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் சாட்சி சொன்னது என்ன, கடைசியில் என்ன முடிவானது என்று வெளியே தெரிய வேண்டும்.

அந்த 30 சதவீதத்திலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. கணினி, பிரிண்டர் மாதிரி ப்ளக்கில் செருகும் சாதனங்களைக் கணக்கில் சேர்க்காவிட்டால் மிச்சம் 30-ஐத் தாண்டியது. சேர்த்தால் நாலில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. ஒரே மாடல், ஒரே ஓட்டம், எதை வகுக்கும் எண்ணாக எடுக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். யாராவது சதவீதம் சொன்னால் "எதில்?" என்று உடனே கேட்கப் பழகிக்கொண்டேன்.

இரண்டாவது விஷயம்தான் என்னை உறுத்துவது. 2013 பதிப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட திருத்தங்கள். அவற்றில் ஒரு பகுதியைத்தான் மாடலில் போட்டு மிச்சத்தைக் கணக்கிட முடிந்தது. சாதனங்களைச் சரியாகப் பொருத்திச் சோதித்துக் கொடுப்பது, கட்டுப்பாடுகளை ஆவணப்படுத்துவது போன்றவற்றுக்கு மாடலில் இடமே இல்லை, ஏனென்றால் மாடலில் எல்லாம் முதல் நாளிலிருந்தே சரியாக ஓடும். மின்கணக்கர் ஐயா சொன்ன கழற்றிய கடிகாரம் எந்த முன்மாதிரியிலும் கிடையாது. அதனால் அதைத் தடுக்கும் விதிக்கு மாடல் கொடுக்கும் மதிப்பெண் பூஜ்யம். கணக்கிட முடிந்ததற்கே விதி, முடியாததற்கு அறிவுரை என்று போய்விடக்கூடாது.

மின்கணக்கர்

டெட்ராய்ட் தம்பி, கையைக் கொடுங்கள். நான் சொல்ல வந்ததை என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டீர்கள்.

கிழக்குச்சன்னல்

சரி, நம் விதியின் எண்கள் எங்கிருந்து வந்தன? அதை யாரும் இன்னும் சொல்லவில்லையே.

மணி8760

சொல்கிறேன். 2007-இல் வந்த முதல் ஈசிபிசி-யில் அலுவலக விளக்குக்கு சதுர மீட்டருக்கு 10.8 வாட் என்று இருக்கும். வட்டமான எண் இல்லையே என்று தோன்றும். சதுர அடிக்கு மாற்றினால் சரியாக 1 வாட். 90.1-இன் 2004 பதிப்பில் அலுவலகத்துக்கு இருந்த அதே அளவு. தப்பென்று சொல்லமாட்டேன். தொடங்கும்போது கையில் இருக்கும் நல்ல ஒன்றிலிருந்துதான் தொடங்க முடியும். 2017 பதிப்பில் அது 9.5 ஆனது. அதைவிடக் கறாரான இரண்டு படிகளில், ஈசிபிசி பிளஸ்ஸுக்கு 7.6, சூப்பர் ஈசிபிசி-க்கு 5. ஐந்து தட்பவெப்ப மண்டலங்களும் நம் நாட்டுக்கு உரியவை. நம் மக்களுக்கு எந்த வெப்பம் வசதியாக இருக்கிறது என்று இந்திய அலுவலகங்களில் கேட்டு அளந்து உருவாக்கிய ஐமேக் என்ற கணக்கீட்டு முறை 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்புக்குள் வந்திருக்கிறது. இதெல்லாம் நம் சொந்த உழைப்பு.

எனக்கு உள்ள மனக்குறை வேறு. அமெரிக்க முன்மாதிரியில் ஏசி ஓடும் நேரத்தில் காற்றுக் கசிவு கால் பங்காகக் குறையும் என்று வைத்திருப்பார்கள், ஏசி உள்ளே அழுத்தம் கொடுக்கும் என்பதால். நம் ஊரில் ஒவ்வொரு அறைக்கும் ஸ்ப்ளிட் ஏசி மாட்டிய அலுவலகத்தில் அந்த அழுத்தம் எங்கே இருக்கிறது? வெளிக்காற்றே உள்ளே தள்ளப்படுவதில்லை. கதவு திறந்து மூடும். இன்வெர்ட்டர் பேட்டரி, ஜெனரேட்டர், மதியம் டப்பா சூடாக்கும் மைக்ரோவேவ் எல்லாம் நம் ப்ளக் சுமையில் வரும். இவற்றுக்கு நாம் போடும் எண் பல நேரம் வேறு நாட்டு மாடலிலிருந்து எடுத்த எண்தான். நானே எடுத்துப் போட்டிருக்கிறேன், அதை மறைக்க விரும்பவில்லை. கையில் வேறு எண் இருந்தால் அதைப் போட்டிருப்பேன்.

வானிலைக் கோப்பும் அப்படித்தான். பல வருடத் தரவிலிருந்து இயல்பான ஒரு ஜனவரி, இயல்பான ஒரு பிப்ரவரி என்று பொறுக்கிக் கோத்த வருடம் அது. பெரும்பாலும் விமான நிலையத்தில் அளந்தது. தியாகராய நகரின் இரவுப் புழுக்கம் அதில் இருக்காது.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். 1979-இலிருந்து அங்கே நடப்பதுபோல, ஊர் ஊராக, வகை வகையாக நம் வணிகக் கட்டடங்களின் கணக்கெடுப்பு சில வருடங்களுக்கு ஒருமுறை தவறாமல் நடக்க வேண்டும். நேரம், ஆள் எண்ணிக்கை, ஏசி வகை, மாத ரசீது எல்லாம் யாரும் எடுத்துப் பார்க்கும்படி வெளியாக வேண்டும். ஐயாவின் ரசீதுகள் என் மாடலுக்குள் வர வேண்டும். அது இல்லாமல் இன்னும் நுணுக்கமான மென்பொருள் வாங்கி ஒரு பயனும் இல்லை.

சிராங்கூன்

இங்கே கட்டட உரிமையாளர்கள் தங்கள் எரிசக்திப் பயன்பாட்டு விவரத்தை வருடாவருடம் அரசுக்குக் கொடுக்க வேண்டும் என்றே சட்டம். செய்யக்கூடிய காரியம்தான்.

கிழக்குச்சன்னல்

எல்லாருக்கும் நன்றி. நேற்று ஆலோசகரிடம் மறுபடி போனேன். விகிதத்தைக் காட்டுவதற்கு முன் உள்ளே போட்ட அனுமானங்களைக் காட்டச் சொன்னேன். வாரத்துக்கு ஐந்து நாள், காலை ஒன்பது முதல் மாலை ஆறு என்று இருந்தது. வரப்போகும் நிறுவனம் சனிக்கிழமையும் வேலை செய்யும், ஒரு தளத்தில் இரவு ஷிப்டும் உண்டு. இது அவருக்குத் தெரியாது, நாங்கள் சொல்லவே இல்லை. மாற்றி ஓட்டினார். விகிதம் பெரிதாக மாறவில்லை, ஏனென்றால் இரண்டு மாடலுக்கும் ஒரே அட்டவணைதான். ஆனால் எந்தச் செலவு எங்கே போகிறது என்ற படம் மாறிவிட்டது. இரவு ஷிப்டு தளத்துக்குத் தனி ஏசி அமைப்பு வேண்டும் என்று வாடிக்கையாளரே ஒப்புக்கொண்டார். மேற்குச் சன்னல்களுக்குச் சஜ்ஜாவையும் திரும்ப வரைந்துவிட்டேன்.

ஐயா, கட்டி முடித்தபின் ஒரு வருடம் மாடலோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆசை. அதற்கு இப்போதே என்ன செய்து வைக்க வேண்டும்?

மின்கணக்கர்

அம்மா, பேனலை வரையும்போதே சொல்லிவிடுங்கள், அப்புறம் பிரிப்பது பெரும்பாடு. ஏசிக்கு ஒரு மீட்டர், விளக்குக்கு ஒன்று, ப்ளக் பாயிண்டுகளுக்கு ஒன்று, லிஃப்ட்டுக்கும் பம்புக்கும் ஒன்று. இரவு ஷிப்டு தளத்துக்கு இந்த நாலும் தனியாக. ஜெனரேட்டரில் ஓடும் நேரமும் அதே மீட்டர்கள் வழியாகப் போகும்படி இணைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்த யூனிட்டுகள் கணக்கில் விட்டுப்போகும். மாதம் முதல் தேதி காலை ஒரே நேரத்தில் அளவெடுக்க ஓர் ஆளைப் பொறுப்பாக்குங்கள். பன்னிரண்டு மாதம் சேர்ந்ததும் எனக்கும் பெங்களூருத் தம்பிக்கும் அனுப்புங்கள், நாங்கள் சேர்ந்து பார்க்கிறோம்.

மணி8760

நான் தயார். மாடல் கோப்பையும் ஆலோசகரிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அறிக்கை மட்டும் போதாது. அந்த வருடத்து நிஜ வானிலையைப் போட்டு மறுபடி ஓட்ட வேண்டியிருக்கும்.